பந்திக்கு வீடு பார்த்த கதை

சீலை பூரா நாய் முடியா இருக்குதேன்னுதான கண்ணு பாக்கற? பயந்துக்காத, உக்காரு. நானும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன், போக மாட்டீங்குது. கறுப்பு முடி. இன்னைக்குன்னு பாத்து நான் சந்தனக் கலரு கட்டிட்டு வந்திருக்கறேன். வீடு பாக்கப் போறோம், கொஞ்சம் மருவாதியா போகோணும்னு பெட்டிக்குள்ள இருந்ததை எடுத்துக் கட்டினேன். நீ எங்க எறங்கற? சிங்காநல்லூரா? நானும் அங்கதான். நல்லா நகந்து உக்காரு, சூலூர் பஸ்ஸுல எடம் கெடைக்கறதே பெருசு.

வாடகைக்கு வீடான்னு கேக்கறயா? நாய்க்கு வீடு கண்ணு. ஒரு நாய்க்கு வீடு பாத்துட்டு வர்றேன். சிரிக்காத. சரி, சிரிச்சுக்கோ. நாய்க் காப்பகத்து டாக்டரம்மாளே மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

நான் கல்யாணத் தரகர். வசந்தாமணின்னா இங்கிருந்து பல்லடம் வரைக்கும் தெரியும். நான் முடிச்சு வெச்ச கல்யாணத்துல பொறந்த பையனுக்கே நான் பொண்ணு பாத்துக் குடுத்திருக்கறேன்னா பாத்துக்கோயேன். இப்ப எல்லாரும் போன்லயே பாத்துக்கறாங்க. கட்டை வெரல்ல தள்ளித் தள்ளி, கடையில கத்தரிக்கா பொறுக்கற மாதிரி. தொழில் படுத்துருச்சு. அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கெடக்குது விடு. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? கேக்கக் கூடாதா? சரி, கேக்கல. பழக்க தோசம்.

எப்படி நாய்கிட்டப் போனேன்னா, ஒரு கல்யாண மண்டபத்துல அண்டா அண்டாவா சோறு மிஞ்சிருச்சு. அத நாய்க் காப்பகத்துக்கு வேன்ல கொண்டு போறாங்க, நானும் அந்தப் பக்கம் போகோணும், ஏறிக்கிட்டேன். ஊருக்கு வெளிய தகரக் கொட்டாய். கேட்டத் தொறந்ததும் ஒரு சத்தம் வந்துச்சு பாரு, காதுல இருந்த தோடே ஆடிப் போச்சு. அம்பது நாய்க்குக் கட்டின எடமாமா. இருந்தது எரநூத்துக்கும் மேல. ஒண்ணு படுத்தா பக்கத்துல இருக்கறது நின்னுட்டிருக்கோணும். பாத்துக்கறதுக்கு மரகதம்னு ஒரு டாக்டரம்மாளும், கூட்டிக் கழுவ ஒரு பொம்பளையும், அவ்வளவுதான் ஆளு. மருந்து வாங்கினா அரிசி இருக்காது, அரிசி வாங்கினா மருந்து இருக்காது. டாக்டரம்மா சுடிதாரு தோள்ல கிழிஞ்சிருந்துச்சு, அதுகூடத் தெரியாம நின்னுட்டிருந்தாங்க. எங்க சோத்து அண்டாவப் பாத்ததும் அவிங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கு அப்பவே மனசு எளகிப் போச்சு.

"ஏனுங்கம்மா, இத்தன நாயி கெடக்குது, யாரும் எடுத்து வளக்க வர மாட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

"வர்றாங்கம்மா. சாதி நாய் இருக்குதான்னு கேக்கறாங்க. இல்லீன்னா வெள்ளையா இருக்குதா, சின்ன வயசா இருக்குதான்னு கேக்கறாங்க. இங்க அத்தனையும் நாட்டு நாய். பாதி கறுப்பு, பாதி பொட்டை. கூட்டத்தப் பாத்துட்டு அப்படியே வண்டியத் திருப்பிக்கறாங்க"ன்னாங்க.

கலரு, வயசு, சாதி! முப்பது வருசமா இந்த மூணு கேள்விக்குத்தான கண்ணு நான் பதில் சொல்லிட்டிருக்கறேன்! "அம்மா, இத எங்கிட்ட உடுங்க"ன்னேன்.

அவிங்க செஞ்ச தப்பு என்னன்னா, எல்லா நாயையும் ஒரே சமயத்துல காட்டினாங்க. எங்காச்சும் ஊர்ல இருக்கற பொண்ணையெல்லாம் வரிசையா நிக்க வெச்சுக் காட்டுவாங்களா? ஒண்ணே ஒண்ணைக் குளிப்பாட்டி, கழுத்துல செவப்பு நாடா கட்டி, டாக்டரம்மா ரூம்ல தனியா உக்கார வெச்சேன். வர்றவங்களுக்கு மொதல்ல டீ. ஊரு, வேலை, வீட்டுல எத்தன பேருன்னு விசாரிப்பு. நாய் பேச்சையே நான் எடுக்க மாட்டேன், அவிங்களா கேக்கோணும். கேட்டா, "ஒரு பொண்ணு இருக்குதுங்க, ஆனா இன்னொரு எடத்துலயும் கேட்டிருக்கறாங்க"ன்னு இழுப்பேன். அவ்வளவுதான், உளுந்துருவாங்க. கால் தாங்கித் தாங்கி நடக்கற நாய்ன்னா முன்கூட்டியே உக்கார வெச்சுருவேன். வயசானதுன்னா "நல்ல பக்குவமுங்க"ம்பேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? டாக்டரம்மாளுக்குத்தான் வாய் நிக்காது. நான் பேசி முடிக்கற நேரத்துல, "இதுக்கு அப்பப்ப வலிப்பு வருமுங்க"ன்னு நேராப் போட்டு ஒடச்சுருவாங்க. நான் கண்ணைக் காட்டிக் காட்டி என்ற கண்ணே நோவெடுத்துருச்சு.

ஒருத்தன் பெரிய கார்ல வந்தான். "சாதி நாய்தான் வேணும், எங்க வீட்டுக்கு அதுதான் பொருத்தமா இருக்கும்"ன்னான். எனக்கு வந்துச்சே கோவம். "ஏந் தம்பி, நாய்க்கு என்ன சாதி? சோறு போட்டவனுக்கு வாலாட்டறதுல சாதி இருக்குதா? இந்தக் காலத்துலயும் ரத்தம் பாத்துப் பேசறவனுக்கு இங்க நாய் கெடையாது, போயிட்டு வா"ன்னு தாட்டி உட்டுட்டேன். டாக்டரம்மா கை தட்டினாங்க. நல்லா கேட்டீங்கம்மான்னாங்க. நமக்கு அந்த மாதிரி பேதமெல்லாம் புடிக்காது கண்ணு.

ஆனா அத்தன சாமர்த்தியம் இருந்தும் ஒண்ணே ஒண்ணைக் கரையேத்த முடியல. பந்தி. பேரே பந்திதான். சோத்து வேன் வந்து நின்னா மொத வரிசையில போயி உக்காந்துக்கும், அதனால கழுவற பொம்பள வெச்ச பேரு. கரிக்கட்டை நெறம், ஒரு காது கிழிஞ்சு தொங்கும், வயசும் ஆயிருச்சு. ஆனா சொன்னாச் சொன்ன எடத்துல இருக்கும், அதட்டினாக் கோவிச்சுக்காது. எத்தனையோ பேருக்குக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் குளிச்சு, நாடா கட்டிக்கிட்டு, வந்து உக்காந்து, வர்றவங்க மூஞ்சியப் பாக்கும். அவிங்க "போயி யோசிச்சுச் சொல்றோம்"ன்னு எந்திரிப்பாங்க. போயி யோசிச்சுச் சொல்றோம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நாடாவ அவுக்கறப்ப என்ற கைய நக்கும் பாரு, எனக்குத்தான் அழுகை வரும்.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. ஒரு குடும்பம் செவலை நாய் ஒண்ணைக் கூட்டிட்டுப் போயி, சோபாவக் கடிச்சுப் போடுச்சுன்னு ஒரே வாரத்துல கொண்டாந்து கேட்டுல கட்டிட்டுப் போயிட்டாங்க. அது, உட்டுட்டுப் போன வண்டி வந்துரும் வந்துரும்னு ரோட்டப் பாத்தே உக்காந்திருந்துச்சு. சோத்தக் கொண்டு போயி வெச்சா மோந்துகூடப் பாக்கல. எனக்கு ஆத்தாமையா போச்சு. அன்னைக்குத்தான் நான் சட்டம் போட்டேன். இனிமேல் வீடு பாக்காம நாய் குடுக்கறதில்ல. நம்ம பக்கம் பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால மாப்பிள்ளை வீடு பாக்கப் போறதில்லையா, அதே மாதிரி. தரகர் நானே போகோணும், உள்ள நொழஞ்சு பாக்கோணும், நான் சரின்னாத்தான் சரி. குடுத்தப்பறமும் ஒரு தடவை போயிப் பாக்கோணும். குடுத்தாச்சு, கை கழுவியாச்சுன்னு இருக்கறதா? அது உண்டாளா, உறங்குனாளா, எப்படி நடத்தறாங்கன்னு போயிப் பாக்கலீன்னா அப்பறம் பெத்தவங்கன்னு எதுக்கு இருக்கறோம்? டாக்டரம்மாளும் ஒத்துக்கிட்டாங்க.

அந்தச் சட்டம் எனக்கே வந்து விடியும்னு யாரு கண்டா?

என்ற பொண்ணு தாரணி. ஒரே பொண்ணு. அவிங்கப்பா போனதுக்கப்பறம் நானும் அவளுந்தான். மோட்டார் வைண்டிங் பண்ற பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. பையன் நல்லவன்தான், பொய் சொல்லக் கூடாது. நானும் விசாரிச்சேன். தரகரா இருந்துட்டு விசாரிக்காம இருக்க முடியுமா? குடி இல்ல, கடன் இல்ல, வேலையில கெட்டிக்காரன். ஆனா நம்ம ஆளுங்க இல்லியே கண்ணு. அது எப்படி ஒத்துக்க முடியும்? ஊரே எங்கிட்ட ஜாதகம் குடுத்துச்சு. சொந்தப் பொண்ணே இப்படிப் போயிட்டா அப்பறம் யாரு குடுப்பா? மண்டபத்துல என்னையப் பாத்ததும் பேச்சை மாத்துவாங்க. எனக்குக் கோவம் கோவமா வரும். மூணு வருசமாப் பேச்சு வார்த்தை கெடையாது. அவ வீடு எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது. சூலூர்ல கொளத்துக்குப் பக்கத்துச் சந்துல மூணாவது வீடு, பச்சைக் கேட்டு. அவ்வளவுதான் தெரியும், போனதில்ல. சில நாளு நெனப்பில்லாம ரெண்டு பேருக்கு அரிசி போட்டுருவேன். அப்பறம் அந்தச் சோத்தப் பாத்துட்டு அழுவேன். அது வேற.

போன வாரம் டாக்டரம்மா சொல்றாங்க, "அம்மா, நம்ம பந்திக்கு எடம் வந்துருச்சு!"ன்னு. சூலூர்ல இருந்து ஒரு ஜோடியாமா. "அந்தப் பொண்ணு வந்ததும், 'யாருக்குமே வேண்டாம்னு இருக்கற நாய் எதுங்க?'ன்னு கேட்டுச்சும்மா. பந்திய கைகாட்டினேன். சரின்னு சொல்லிருச்சு. ஆனா கிட்டவே வரல, கேட்டுக்கு வெளியவே நின்னுக்குச்சு. வீடு பாக்க அந்தத் தரகரம்மாதான வருவாங்கன்னு மட்டும் மூணு தடவை கேட்டுச்சு. தாரணின்னு பேரு"ன்னாங்க.

எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஏன்னா கண்ணு, என்ற பொண்ணுக்கு நாயின்னா உசுரே போயிரும்! சின்ன வயசுல தெருவுல நாய் கொட்டாவி உட்டாலே ஓடி வந்து என்ற முந்தானைக்குள்ள பூந்துக்குவா. நாய் படுத்திருக்குதுன்னு நாலு வீதி சுத்திப் பள்ளிக்கூடம் போனவ. அவளுக்கு எதுக்கு நாயி? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பையன் ஆசைப்பட்டிருப்பான், வேறென்ன. கட்டினவ பயந்த கொணம்னுகூடத் தெரியாம ஒரு ஆம்பள! எனக்கு அவன் மேல அதுல வேற கோவம்.

"நான் போக மாட்டேன், நீங்க போயிப் பாத்துட்டு வாங்க"ன்னேன். "சட்டம் போட்டது நீங்கம்மா. நீங்க போகலீன்னா பந்தி இங்கயேதான்"னு அவிங்க சொல்லிப் போட்டாங்க. மழை வரப் போகுது. கொட்டாய் பாதி ஒழுகும், இருக்கற நாயெல்லாம் மீதிப் பாதியில நிக்கோணும். பந்திக்கு நெரிசல்ல படுத்துப் படுத்து இடுப்புல புண்ணு வேற. இன்னொரு எடம் இதுக்கு வரவே வராது, அது எனக்கு நல்லாத் தெரியும். நான் போகலீன்னா அதோட கதி அவ்வளவுதான். பந்தி என்னையவே பாக்குது. சரின்னு கெளம்பிட்டேன். நாய்க்காகத்தான் போனேன், அத நல்லாக் கேட்டுக்கோ.

இன்னைக்குக் காலையில அதையும் ஆட்டோவுல மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். அதான் இந்த முடி. பச்சைக் கேட்டு. கேட்டுக்கு அடியில சந்து உடாம அந்தப் பையன் கம்பி வலை அடிச்சிருந்தான், அது நல்ல வேலை. "வாங்கத்தை"ன்னான். நான் காதுல வாங்காத மாதிரி கொக்கி நல்லா மாட்டுதான்னு இழுத்துப் பாத்துட்டிருந்தேன்.

அப்பறம் உள்ள போயி நல்லாவே பாத்தேன், ஒண்ணும் உடல. நெழலு இருக்குதா, மொட்டை மாடியில கைப்பிடிச் செவுரு இருக்குதான்னு பாத்தேன். சமையக்கட்டுல அரிசி டின்னைத் தொறந்து பாத்தேன், நாயி நல்லா உண்ணுமில்ல? எல்லா ரூம்லயும் ஃபேன் ஓடுதான்னு போட்டுப் பாத்தேன், நாய்க்கு வெக்கை ஆகாது. பீரோவுல சீலை எத்தன இருக்குதுன்னும் ஒரு கண்ணு பாத்துக்கிட்டேன். ஒரு குடும்பத்தோட நெலவரம் அதுலதான் தெரியும்.

வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விய அவன்கிட்டயும் கேட்டேன். "கோவம் வந்தா கை நீட்டுவயா? ஒடம்பு சரியில்லீன்னா யாரு பாத்துக்குவா?"

"கை நீட்ட மாட்டேனுங்கத்தை. ஒடம்பு சரியில்லீன்னா நான் பட்டறைக்கு லீவு போட்டுருவேனுங்க. ஆடி மாசம் டைபாய்டு வந்தப்பக்கூட நாந்தான் கூட இருந்து கஞ்சி வெச்சுக் குடுத்தேன்"ன்னான்.

நாய் இப்பத்தான கண்ணு வருது? அதுக்கெப்படி ஆடியில டைபாய்டு வரும்? யாருக்குன்னு நான் கேக்கல. டைபாய்டாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நான் செவுத்துப் பக்கம் திரும்பி நின்னு, ஃபேன் சுவிச்சை ரெண்டு தடவை போட்டு அமத்தினேன்.

தாரணி உள்ள போயி வட்டல்ல சோறும், கிண்ணத்துல தண்ணியும் எடுத்துட்டு வந்தா. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. கை நடுங்கி, தண்ணி பாதி தரையில. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு பந்திக்கு முன்னால வெச்சா. அது ஒரு நக்கு நக்குச்சு அவ கைய. ஓடல கண்ணு. பல்லைக் கடிச்சுட்டு அங்கயே நின்னா. இந்த வயசுல கை நடுக்கம் நல்லதில்ல, ஒடம்புல சத்தே இல்ல போலிருக்குது. முருங்கைக் கீரை சாப்பிடச் சொல்லோணும்.

எனக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்தா. நான் தொடல. உனக்குத் தெரியுமோ என்னமோ, வீடு பாக்கப் போனா, முடிவாகறதுக்கு முன்னால அங்க கை நனைக்கக் கூடாது. கை நனைச்சா சம்மந்தம் சரின்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். ஒரு வா தண்ணி குடிச்சாலும் அர்த்தம்தான். அதெல்லாம் நான் எங்கயும் மீற மாட்டேன். "முடிவாகல"ன்னு அந்தப் பையன்கிட்டச் சொன்னேன், அவளப் பாத்துச் சொல்லல. காப்பி அப்படியே ஆறி ஏடு கட்டிருச்சு. வாசம் மட்டும் வந்துட்டே இருந்துச்சு. சுக்கு தட்டிப் போட்டிருந்தா, எனக்குப் புடிக்கற மாதிரி. அது தற்செயலா இருக்கும்.

ஆனா இந்தப் பந்தி இருக்குதே, மானம் ரோசம் ஒண்ணுமில்ல. வட்டல்ல இருந்த சோத்த ஒரு பருக்கை உடாம வழிச்சு உண்டுட்டு, தண்ணியும் குடிச்சுட்டு, நேராப் போயி கட்டிலுக்கு அடியில படுத்துருச்சு. பொண்ணே கை நனைச்சுப் போடுச்சு, இனி தரகர் என்ன பண்றது? கூப்புட்டுப் பாத்தேன், வாலை மட்டும் ஆட்டுது. அதான், ஒரு வாரம் பழகட்டும், நான் மறுக்கா வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்னு விட்டுட்டு வந்துட்டேன். வழக்கமா ஒரே பார்வையில சொல்லிருவேன். இந்த வீட்டுக்கு மட்டும் இன்னும் நாலஞ்சு தடவை வரோணும் போலிருக்குது. தீர விசாரிக்கோணுமில்ல.

கெளம்பறப்ப கேட்டு வரைக்கும் ஓடி வந்தா. "அம்மா"ன்னா. மூணு வருசங் கழிச்சு. நான் நின்னேன். ஒரு பையை நீட்டறா. "அங்க இருக்கற நாய்ங்களுக்கும்மா"ங்கறா. நாய்க்குன்னு குடுக்கறத வேண்டாம்னு சொல்ல முடியுமா கண்ணு? பாவமில்ல? வாங்கிக்கிட்டேன்.

இதா, இந்தப் பைதான். சித்த புடி, என்னதான் வெச்சிருக்கறான்னு பாக்கலாம். பாரேன் கூத்த! எரநூறு நாய்க்கு ஒரு டிபன் கேரியரு. மேல அரிசியும்பருப்புஞ் சோறு. அப்பா, என்ன நெய்! நாய் வயித்துல நெய்ச்சோறு தங்காதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அடுத்த தட்டுல கத்தரிக்கா வறுவல். இதென்ன, தயிரு. கடைசில பாரு, மாங்கா ஊறுகா! நாய்க்கு யாராச்சும் ஊறுகா வெச்சுக் கட்டிக் குடுப்பாங்களா? அதுல ஒரு ஸ்பூனு வேற!

இத அங்க கொண்டு போனா டாக்டரம்மா சிரிப்பாங்க. கொட்டவும் மனசு வராது, அன்னம். பஸ்ஸுல கை நனைச்சா கணக்குல வராது கண்ணு, அது வீட்டுக்குள்ளதான். இந்தா, கைய நீட்டு, நீயும் ஒரு வாய் உண்ணு. அட, கூச்சப்படாத. காலையில இருந்து நானும் ஒண்ணும் உண்ணல.

ம்.

கண்ணுல தண்ணியா? காரம் கண்ணு. ஊறுகா காரம். நான் போடற மாதிரியே போட்டிருக்கறா, அப்படியே என்ற கைப்பக்குவம். நாய்க்கு இத்தன காரம் ஆகவே ஆகாது. அவளுக்கு ஒண்ணுமே தெரியல பாரு. சிங்காநல்லூர் வந்துருச்சா? நீ எறங்கு கண்ணு, நான் உண்டுட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழமை காலையிலயே போயி, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாத்தான் அவளுக்குப் புடிபடும்.